பல்லுக்காரம்மா

நெஞ்சில் ஒரு பட்டுப்புடவைக்காரி, முதுகிலும் அதே பட்டுப்புடவைக்காரி, நடுவில் சவரிமுத்து. இரண்டு பேரும் ஜவுளிக்கடை விளம்பர போர்டில் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். மெயின்கார்டு கேட்டில் கிளம்பி, என்.எஸ்.பி. ரோடு வழியாகத் தெப்பக்குளம், அங்கிருந்து நந்தி கோயில் தெருவுக்குள் புகுந்து மறுபடியும் மெயின்கார்டு கேட். ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம். உட்காரக் கூடாது, நிழலில் ஒதுங்கக் கூடாது, போர்டைத் திருப்பிப் பிடிக்கக் கூடாது. அலுமினியச் சட்டம் தோள்பட்டை எலும்பில் உட்காரும் இடத்தில் துண்டை நாலாக மடித்து வைத்திருந்தார், வியர்வையில் அது கயிறாகத் திரிந்துவிட்டிருந்தது. வெயில் ஏற ஏற ஃப்ளெக்ஸிலிருந்து மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை கிளம்பி மூக்குக்கு நேராக வந்தது. இந்த வேலையில் முதல் நாளே அவருக்கு உறுத்திய விஷயம் பாரமோ வாடையோ இல்லை, நடக்கும்போது தன் கால் தனக்குத் தெரியவில்லை என்பதுதான். குனிந்தால் பட்டுப்புடவைக்காரியின் தலைப்பூதான் தெரிந்தது. கீழே யாரோ நடக்கிறார்கள், நாம் மேலே ஏறி உட்கார்ந்து போகிறோம் என்று தோன்றும். ஆடித் தள்ளுபடிக்குப் போட்ட போர்டு, நாலு மாசம் ஆகிறது, இன்னும் அந்தக் கால் பழகவில்லை. எதிரே வருகிறவர்களின் கண் நேராக வரும், நெஞ்சில் வந்து நிற்கும், எழுத்தைப் படிக்கும், அப்படியே பக்கத்தில் வழுக்கிப் போய்விடும். கழுத்துக்கு மேலே ஏறுவதே இல்லை. துறையூர் வண்டியில் இருபத்தேழு வருஷம் கண்டக்டராக இருந்தவருக்கு இது ஒரு வினோதமான தண்டனை. ஏறின முகம் ஒன்றையும் மறந்ததில்லை அவர். புலிவலத்தில் ஏறினது யார், டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது யார், போன வாரம் ஏறி வாந்தி எடுத்த பிள்ளை இது என்று எல்லாம் சொல்லுவார். முதலாளி வண்டியை விற்றுவிட்டார், முகங்களும் போயின. இந்த வேலைக்கு வந்த புதிதில் தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவானோ என்று உயிர் போய் உயிர் வந்தது. வீட்டில் மனைவி லூர்துமேரியிடம் ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் என்றுதான் சொல்லியிருந்தார். இரண்டாவது வாரமே அவள் தம்பி பெஞ்சமின் குடும்பத்தோடு எதிரே வந்தான். ஒதுங்க இடமில்லை. பெஞ்சமின் ஒரு முழ தூரத்தில் நின்று, உதடு அசைய, நெஞ்சைப் படித்தான். "இங்கயே பாத்துடலாமா, தள்ளுபடி போட்டிருக்கான்" என்றான் பெண்டாட்டியிடம். போய்விட்டான். சவரிமுத்து மூச்சை விட்டார். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. பார்க்கவில்லை என்பது சரி. எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? கல்யாணத்தில் அவனுக்கு மோதிரம் போட்ட கை இதே கை. அன்றைக்கு வந்த பயம் வேறு மாதிரியான பயம், அது இன்னும் இறங்கவில்லை. பார்த்துவிடுவார்களோ என்பது போய், இனி யாரும் பார்க்கவே மாட்டார்களோ என்று.

பார்க்கிறவள் ஒருத்தி உண்டு. பல்லுக்காரம்மா. அவளும் இதே சுற்றுதான், எதிர்த்திசையில். ஒரு பல் ஆஸ்பத்திரியின் போர்டு அவளுக்கு. போர்டு முழுக்க ஒரே ஒரு வாய், சிவந்த உதடு, உள்ளே வெள்ளை வெளேரென்று இரண்டு வரிசைப் பல். முகம் கிடையாது, கண் கிடையாது. அந்த வாய்க்கு மேலே ஒல்லியாக அவள் தலை. நாற்பத்தைந்து, ஐம்பது இருக்கும். கடந்து போகும்போது, "அண்ணே, மணி என்ன?" என்பாள். பேச்சு அவ்வளவுதான். சவரிமுத்து கண்டக்டர் காலத்து வாட்ச்சைத் திருப்பிப் பார்த்துச் சொல்லுவார். கேட்கும்போது முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வாள், ஏன் என்று முதலில் புரியவில்லை. ஒரு நாள் காற்றில் முந்தானை நழுவியபோது தெரிந்தது, மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அவர் மணியைச் சொன்னார். பேர் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. போர்டு மாட்டிவிடுகிற சூப்பர்வைசர் கனகு, முப்பது வயசுக்காரன், இவரை "ஜவுளி" என்பான், அவளைப் "பல்லு" என்பான். "ஜவுளி, இன்னிக்கு நீங்க தெப்பக்குளம் பக்கம் கொஞ்சம் நின்னு போங்க. பல்லு, நீ மலைக்கோட்டை வாசல்." அந்தப் பேரிலேயே நாலு மாசம் ஓடிவிட்டது. இன்றைக்குக் காலை பதினொன்று முப்பத்தைந்துக்கு மெயின்கார்டு கேட் திருப்பத்தில் மணி கேட்டாள். குரல் கொஞ்சம் வழுக்கின மாதிரி இருந்ததா? வெற்றிலை போட்டிருப்பாள் என்று நினைத்தோமா, அல்லது ஒன்றுமே நினைக்கவில்லையா? மணி சொன்னார். நடந்தார். அடுத்த சுற்றில், பன்னிரண்டேகாலுக்கு, அவள் நடந்து வரவில்லை. வளையல் கடை வரிசை முடிகிற இடத்தில், மின்சார வாரியத்தின் பச்சை இரும்புப் பெட்டிக்குக் கீழே சிமெண்டு மேடை ஒன்று இருக்கிறது, அதில் உட்கார்ந்திருந்தாள். முன்போர்டும் பின்போர்டும் தரையில் ஊன்றி அவளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தன. பரவாயில்லையே, தைரியமாக உட்கார்ந்துவிட்டாளே என்றுதான் தோன்றியது. கூட்டம் நடுவில் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது, அவர் இந்தக் கரையில், அவள் அந்தக் கரையில். தெப்பக்குளம் போவதற்குள் கனகு பைக்கில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றான். "ஜவுளி, பல்லு உக்காந்துட்டு இருக்கு பாத்தீங்களா? நான் போட்டோ வேற எடுத்து அனுப்பணும். போய் எழுப்பி விடுங்க." "சரிப்பா" என்றார். அவன் போனான். இவர் போகவில்லை. பாவம், வெயில், பொம்பளை, பத்து நிமிஷம் உட்காரட்டும், அவளை எழுப்பிவிடுகிற பாவத்தை நாம் ஏன் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். தான் நல்ல காரியம் செய்கிற மாதிரிகூட இருந்தது.

அடுத்த சுற்றில் கூட்டம் இன்னும் கெட்டிப்பட்டிருந்தது. கைக்குழந்தைகள், கட்டைப்பைகள், ஒலிபெருக்கியில் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுகிற ஒரு பெண் குரல், எண்ணெய்ச் சட்டியின் புகை. போர்டின் ஓரம் யாருடைய தோளையோ உரசியது, திட்டு வந்தது, திட்டும் நெஞ்சுக்குத்தான் வந்தது. பச்சைப் பெட்டிக்கு நேராக வந்தபோது தலைகளுக்கு இடையில் ஒரு சந்து திறந்தது. அந்தச் சந்தில் அவள் தெரிந்தாள். அவள் கண் நேராக இவரைப் பார்த்தது. பார்த்தது மட்டுமில்லை, சிரித்தாள். நன்றாக, வாய் நிறைய, வெயிலில் பளிச்சென்று. சவரிமுத்துவும் தலையாட்டினார். போர்டு மாட்டிய நாளிலிருந்து தெருவில் யாருக்கும் தலையாட்டியதில்லை, பழக்கம் விட்டுப்போன கழுத்து கடகடவென்றது. சந்து மூடிக்கொண்டது. நடந்தார். மனசு லேசாக இருந்தது. இத்தனை பேரில் ஒரு ஆள் பார்த்துச் சிரித்தது என்றால் சும்மாவா. இன்றைக்குக் கனகு போர்டைக் கழற்றும்போது பேரைக் கேட்டுவிட வேண்டும். நம்ம பேரையும் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கிறாள், கனகு விட்டுவிட்டானா, ஒருவேளை நம்மைப் போலவே அவனும் இரக்கப்பட்டு விட்டானோ. கனகுவுக்கா, இரக்கமா. நாலு எட்டு வைத்தபோது உள்ளே எதுவோ இடறியது. இன்னது என்று பிடிபடவில்லை. வண்டியில் இப்படி ஆகும், தலையை எண்ணினால் நாற்பத்தொன்று, கிழித்த டிக்கெட் நாற்பது, இறங்கினவன் யார் ஏறினவன் யார் என்று முகம் முகமாகத் திரும்பிப் போய்ப் பார்த்தால் எல்லா முகமும் டிக்கெட் எடுத்த முகமாகவே இருக்கும், ஆனால் ஒன்று கூடுதல். கூடுதலாக வந்து உட்கார்ந்திருக்கிறது ஒன்று. அந்தக் கூச்சம் முதுகெலும்பில் ஏறும். அதே கூச்சம் இப்போது. எது கூடுதல்? தெப்பக்குளத்துத் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. ஒரு மீன் வாயைத் திறந்து மூடியது. நந்தி கோயில் தெருவில் பாத்திரக்கடைக்காரர் வெளியே வைத்திருந்த அண்டாவில் ஒரு போர்டு நடந்து போவது வளைந்து தெரிந்தது, அதற்கு மேலே உருண்டையாக எதுவோ இருந்தது, அது தன் தலை என்று சொல்லிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. அவள் ஏன் சிரித்தாள்? சிரிக்கிறவள் இல்லையே. சரி, சிரித்தாள், சிரிக்கக் கூடாதா? கூடும். பிறகு என்ன இடறுகிறது?

மூன்றாவது முறை போகும்போது ஒன்று முப்பத்தைந்து. தேடிக்கொண்டுதான் போனார். அவள் அப்படியே இருந்தாள், அதே மேடை, அதே சாய்வு. அதே சிரிப்பு. இடம் மாறவில்லை, அளவு மாறவில்லை. பக்கத்தில் ஒரு அம்மாள் பையை இறக்கி வைத்துவிட்டு, அவள் போர்டிலிருந்த நம்பரைத் தன் போனில் குத்திக்கொண்டிருந்தாள். ஒருவன் அவள் போர்டு மறைக்கிற நிழலில் ஐஸ் தின்றுகொண்டு நின்றான். சவரிமுத்து மறுபடியும் தலையாட்டினார். ஆட்டும்போதே அந்தச் சிரிப்பில் பாதிதான் தனக்குப் புரிகிறது என்று பட்டது, ஆனால் பின்னால் வந்த கூட்டம் முதுகுப் பட்டுப்புடவைக்காரியைப் பிடித்துத் தள்ளியது, கால் தெரியாத மனிதன், தள்ளின பக்கம் போனார். நூறு அடி. நூற்றைம்பது அடி. வாய் நிறையச் சிரிப்பு. வெள்ளை வெளேரென்று. மேல்வரிசை, கீழ்வரிசை. மேல்வரிசை. முந்தானை. எல்லாச் சத்தமும் ஒரு கணம் அணைந்தாற்போல் ஆயிற்று. அவளுக்கு முன்பல் இல்லை. சிரித்தது அவள் இல்லை. உட்கார்ந்ததும் போர்டு தரையில் ஊன்றி மேலே ஏறியிருக்கிறது, ஏறி அவள் மூக்கு வரைக்கும் மூடியிருக்கிறது, அவளுடைய வாய் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வாய், அதற்கு மேலே அவளுடைய கண். இரண்டையும் சேர்த்து ஒரு முகமாக்கிக்கொண்டு அதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறோம். ஒரு தடவை இல்லை. அவர் திரும்பினார். அந்தத் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு போர்டோடு ஒருவன் எதிர்த்துத் திரும்புவது என்பது ஓடுகிற வாய்க்காலில் கதவைப் பெயர்த்துப் போடுகிற மாதிரி. "யோவ், கண்ணு தெரியல?" "போர்டை எடுய்யா." "அண்ணே, இந்தக் கடை எங்க இருக்கு?" நெஞ்சைப் பார்த்துக் கேட்டான் ஒருவன். சட்டத்தின் மூலை யாருடைய புடவையிலோ மாட்டிக் கிழிந்தது, அவள் கத்தினாள், அவர் நிற்கவில்லை. கடைசியில் தோள்பட்டையிலிருந்து வாரைக் கழற்றித் தலைக்கு மேலாகத் தூக்கி, பட்டுப்புடவைக்காரிகள் இருவரையும் வளையல் கடை வாசலில் சாய்த்துவிட்டு ஓடினார். உடம்பு காற்றில் பறக்கிற மாதிரி இருந்தது. தன் கால் ஓடுவது தெரிந்தது.

"ஏம்மா. தங்கச்சி." முன்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. எச்சில் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. ஒரு கை மடியில் யாருடையதோ போலக் கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. செத்த கண் இல்லை, அது தெரிந்தது, சவரிமுத்து நகர்ந்த பக்கம் அந்தக் கண்ணும் நகர்ந்தது. அவர் கை போர்டை விட்டுவிடப் பார்த்தது. போன் வைத்திருந்த அம்மாள், "இந்தாங்க, நம்பர் போகவே மாட்டேங்குது, வேற நம்பர் இருக்கா?" என்றாள். "இவங்களைப் பாருங்கம்மா" என்றார் சவரிமுத்து. "யாரை?" என்றாள் அவள். பிறகுதான் பார்த்தாள், வாயில் கை வைத்துக்கொண்டு பின்னால் போனாள். அதற்கப்புறம் எல்லாரும் பார்த்தார்கள். எங்கிருந்து அவ்வளவு கண் வந்தது என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுங்க, கொடுக்காதீங்க, படுக்க வைங்க, நூத்தியெட்டுக்குப் போடுங்க. ஐஸ் தின்றவன்தான் போன் போட்டான். ஆம்புலன்ஸ் மெயின்கார்டு கேட்டுக்கு மேல் வர முடியவில்லை, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். வந்தவன் கேட்டான். "பேர் என்ன?" சவரிமுத்து வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பேர்தான் இருந்தது, அதைச் சொல்ல முடியவில்லை. அதற்குள் கனகு வந்துவிட்டிருந்தான், முகம் வெளுத்து. "நீ சொல்லுப்பா, உன் லிஸ்ட்ல இருக்குமே." கனகு போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். நிறுத்தினான். திரையைச் சவரிமுத்துவிடம் காட்டினான். 'பல்லு' என்று இருந்தது. அதற்கு நாலு வரி தள்ளி 'ஜவுளி'. "நீங்க யாரு அவங்களுக்கு?" என்றான் ஆம்புலன்ஸ்காரன். யாருமில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. "கூட வரேன்" என்றார். வண்டிக்குள் எதிர்ப்பலகையில் உட்கார்ந்தபோது, காலையிலிருந்து முதல் தடவையாக உட்காருகிறோம் என்பது முழங்காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவள் கண்ணைப் பார்க்காமல் மேடையிலிருந்து எடுத்து வந்த அவளுடைய துணிப்பையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரியாஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருத்தி, வேகமாக நடக்கிறவள், வேகமாகக் கேட்கிறவள். "எத்தனை மணிக்கு இப்படி ஆச்சு?" "இப்பதாங்க பாத்தேன்" என்றது சவரிமுத்துவின் வாய். அது பொய்யும் இல்லை. டாக்டர் நிமிர்ந்தாள். "ஐயா, இது முக்கியம். மூளையில ரத்தக்கட்டு மாதிரி தெரியுது. நேரத்துக்குள்ள இருந்தா ஒரு ஊசி இருக்கு, நேரம் தெரியாம போட்டா அதுவே ஆபத்து. கடைசியா இவங்க நல்லா இருந்ததைப் பாத்தது யாரு, எப்ப?" குழல்விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். யார் பார்த்தார்கள்? அந்தத் தெருவில் தான் இருந்ததற்கே சாட்சி கிடையாது, பெஞ்சமினே பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் அந்தக் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்ததா, கேட்டுக்கொண்டும் இருந்ததா? "பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கு எங்கிட்ட மணி கேட்டாங்க" என்றார். "நடந்துக்கிட்டிருந்தாங்க. பன்னெண்டேகாலுக்கு உக்காந்துட்டாங்க. அப்ப பாத்தேன். பன்னெண்டு அம்பத்தஞ்சுக்குப் பாத்தேன். ஒண்ணு முப்பத்தஞ்சுக்கும் பாத்தேன்." "பாத்துட்டு?" டாக்டர் கோபமாகக் கேட்கவில்லை, எழுதிக்கொள்வதற்காகக் கேட்டாள். "போயிட்டேங்க." அவள் அதை எழுதவில்லை. மணியை மட்டும் எழுதினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், இரண்டு நாற்பது. "டைம் இருக்கு. ஸ்கேனுக்கு எடுங்க" என்றாள் நர்ஸிடம். ஸ்ட்ரெச்சர் உருண்டு போயிற்று. அது திரும்பி வரும் வரை சவரிமுத்து சுவரோரமாக நின்றார். நெஞ்சில் ஒன்றும் இல்லாமல் நிற்பது கூச்சமாக இருந்தது, போகிறவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொண்டுவிடுவார்கள் போல. அவளுக்கு நினைவு தப்பியிருக்கும். அப்படித்தான் இருக்கும். நினைவு இருந்தால் ஒரு சத்தமாவது போட்டிருப்பாள். தூங்குகிற மாதிரி, கண் திறந்த தூக்கம், அதில் ஒன்றும் தெரியாது, ஜவுளி போனதும் தெரியாது, தலையாட்டினதும் தெரியாது. இதை ஐந்தாறு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நம்புகிற மாதிரி ஆயிற்று. ஊசி போட்டு முடித்து டாக்டர் வெளியே வந்தபோது, "பிழைச்சிருவாங்களா?" என்று கேட்டார். "பிழைச்சிருவாங்க. கை, பேச்சு எவ்வளவு திரும்புதுன்னு ரெண்டு நாள்ல தெரியும். நீங்க டைம் சொன்னது நல்லதாப் போச்சு." அதோடு விட்டிருக்கலாம். "அம்மா, ஒண்ணு. அங்க உக்காந்திருந்தப்ப, அவங்களுக்கு நினைவு இருந்திருக்காதில்ல?" டாக்டர் கையுறையை உருவிக்கொண்டே சொன்னாள். "இருந்திருக்கும். கூப்பிட வாய் வராது, கையைத் தூக்க முடியாது. அவ்வளவுதான். கண்ணு காதெல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கும். எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்திருப்பாங்க." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். சவரிமுத்து அவள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தலைகளுக்கு நடுவே அந்தச் சந்து திறந்தது. மூன்று முறை திறந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? கூட்டம் விலகுகிறது, தெரிந்த ஒரே ஆள் வருகிறான், கண்டுகொண்டான், இதோ வந்துவிடுவான், தலையாட்டுகிறான், போகிறான். நாற்பது நிமிடம். மறுபடியும் வருகிறான்.

துணிப்பைக்குள் போன் அடித்தது. அவர் கையில்தான் பை இருந்தது. எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் விரல் எடுத்துவிட்டது. "அம்மா, எங்கம்மா போன, மத்தியானத்துலேர்ந்து எத்தனை தடவை அடிக்கறேன்" என்றாள் ஒரு பெண். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம். "அம்மா இல்லம்மா. நான் பேசறேன்" என்றார். மிஷின் நின்றது. "யாரு?" "எம் பேரு சவரிமுத்து. உங்க அம்மாகூட வேலை பாக்கறேன். பயப்படாதம்மா. கொஞ்சம் முடியாம ஆயிடுச்சு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். பிழைச்சிட்டாங்க, டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உடனே கிளம்பி வா." அழுகை வந்தது, அதை அடக்குகிற மூச்சு வந்தது. "வரேன், இதோ வரேன். எந்த வார்டு?" வார்டைச் சொன்னார். பிறகு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார். "அம்மா பேரு என்னம்மா? இங்க எழுதிக்கணுங்கறாங்க." கூட வேலை பார்க்கிறவன், பேர் தெரியாதவன் என்பதை அந்தப் பெண் கூட்டிப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது. "வேம்பு" என்றாள். "வேம்புன்னு எழுதச் சொல்லுங்க." போனைக் காதில் வைத்தபடியே சவரிமுத்து கட்டிலுக்குப் பக்கத்தில் போனார். மாஸ்க்குக்கு மேலே கண் மூடியிருந்தது. "வேம்பு" என்று கூப்பிட்டார். உரக்கக்கூட இல்லை. இமை திறந்தது. கருவிழி மெல்ல உருண்டு வந்து, நெஞ்சில் நிற்காமல், கழுத்தில் நிற்காமல், நேராக முகத்துக்கு ஏறி அங்கேயே தங்கிவிட்டது. அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினார். கெஞ்சல் இருக்கிறதா என்று தேடினார். இருபத்தேழு வருஷம் முகம் படித்தவருக்கு அதைப் படிக்க வரவில்லை. நகர்ந்தால் கூடவே வரும் என்று தெரிந்ததால் நகராமல் நின்றார். "ஐயா? லைன்ல இருக்கீங்களா?" என்றது போன். "அம்மா இப்ப என்ன பண்றாங்க?"

"என்னைப் பாத்துக்கிட்டிருக்காங்கம்மா" என்றார் சவரிமுத்து.